மூன்று பாண்ட், ஒரு சனிக்கிழமை: எதைப் போடுவது?

எங்கள் அசோக் நகர் குடியிருப்பில் மாதம் ஒரு சனிக்கிழமை மொட்டை மாடியில் திரை கட்டிப் படம் போடுவது வழக்கம். ஜனவரிக்குப் பழைய ஜேம்ஸ் பாண்ட் படம் என்பது வரை எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. எந்தப் படம் என்பதில்தான் மூன்று கட்சி. 1965-ல் வந்த ‘தண்டர்பால்’ ஒன்று. அதே கதையை, அதே ஷான் கானரியை வைத்து, 1983-ல் வேறு ஆட்கள் திரும்ப எடுத்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ இன்னொன்று. அதே 1983-ல் அதற்குப் போட்டியாக நின்ற, ரோஜர் மூர் நடித்த ‘ஆக்டோபஸி’ மூன்றாவது.

என் ஓட்டு நடுவில் உள்ளதற்கு. ஒரே ஒரு படம்தான் போட முடியும் என்றால் அதைத்தான் போட வேண்டும், அதுவும் ‘தண்டர்பால்’ பார்க்காதவர்கள் அதைப் பார்க்காமலே வந்து உட்கார வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைத் தீர்த்துவிடலாம். ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ என்றதும், “அது டூப்ளிகேட் பாண்டுப்பா” என்று கீழ்வீட்டு மாமா சொன்னார். மவுண்ட் ரோடு தியேட்டர்களில் அந்தக் காலத்தில் ஒரு பாண்ட் படம் விடாமல் பார்த்தவர் அவர். அவர் மட்டுமல்ல, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வழக்கமாகப் பாண்ட் படங்களை எடுக்கும் இயான் நிறுவனம் இதை எடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இது சுட்ட படம் கிடையாது. உரிமை கையில் இருந்தவர்கள் எடுத்த படம்.

1959 வாக்கில் பாண்டை உருவாக்கிய எழுத்தாளர் இயன் ஃப்ளெமிங்கும், கெவின் மெக்லோரி என்ற சினிமாக்காரரும், ஜாக் விட்டிங்ஹாம் என்ற திரைக்கதை ஆசிரியரும் சேர்ந்து ஒரு படத்துக்குக் கதை பண்ணினார்கள். இரண்டு அணுகுண்டுகளைத் திருடி உலக நாடுகளை மிரட்டும் கும்பல், அதைத் தேடிக் கடலுக்கடியில் போகும் பாண்ட். அந்தப் படம் அப்போது எடுக்கப்படவில்லை. ஃப்ளெமிங் அந்தக் கதையை வைத்து 1961-ல் ‘தண்டர்பால்’ நாவலைத் தன் பெயரில் மட்டும் வெளியிட்டுவிட்டார். மெக்லோரி விடவில்லை, லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார். 1963-ல் சமரசம் ஆயிற்று. நாவலின் அடுத்தடுத்த பதிப்புகளில் மற்ற இருவரின் பங்கும் குறிப்பிடப்பட்டது, கதையைப் படமாக்கும் உரிமை மெக்லோரிக்குப் போனது.

இந்த நிலையில் இயான்காரர்கள் அவரோடு மோதாமல் கூட்டு சேர்ந்தார்கள். அதனால்தான் 1965 ‘தண்டர்பால்’ படத்தில் தயாரிப்பாளர் என்று மெக்லோரியின் பெயர் வருகிறது. அடுத்த 10 வருஷத்துக்கு அந்தக் கதையை மறுபடி எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. அது முடிந்தபிறகு மெக்லோரி திரும்ப முயற்சி செய்தார். கடைசியில் ஜாக் ஷ்வார்ட்ஸ்மன் என்ற தயாரிப்பாளர் அந்த உரிமையைப் பிடித்து, 1983-ல் படத்தை முடித்தார். ஃப்ளெமிங் தரப்பு தடை கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை.

இந்தச் சட்டச் சண்டையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், படத்தில் எது இருக்கிறது எது இல்லை என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. அவர்களுக்கு உரிமை இருந்தது ‘தண்டர்பால்’ கதைக்கு மட்டும். நமக்கெல்லாம் காதில் ஊறிப்போன அந்தப் பாண்ட் இசையைத் தொட முடியாது. துப்பாக்கிக் குழல் வழியே பாண்ட் நடந்துவந்து சுடும் தொடக்கக் காட்சி கிடையாது. அடையாளம் என்று அவர்களிடம் இருந்தது ஷான் கானரியின் முகம் ஒன்றுதான்.

கானரி 1971-க்குப் பிறகு பாண்ட் வேஷம் போடவில்லை. இனி ஒருபோதும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். 12 வருஷம் கழித்துத் திரும்பினார். ‘இனி ஒருபோதும் என்று இனி ஒருபோதும் சொல்லாதே’ என்கிற மாதிரியான அந்தத் தலைப்பைக் கொடுத்தது அவருடைய மனைவி மிஷலின். படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலிலேயே அவர் பெயர் உண்டு. திரும்பி வரும் நாயகனை எப்படி வரவேற்பது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1986-ல் வந்த ‘விக்ரம்’ படத்து உளவாளியாகக் கமல் 2022-ல் மறுபடி வந்து நின்றபோது இந்த ஊர்த் தியேட்டர்களில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள்தானே நாம்.

இப்போது ஒப்பீட்டுக்கு வருகிறேன். மூன்று படத்தையும் பிரிப்பது எனக்கு முதலில் வயதுதான். 1983-ல் அந்த இரண்டு படமும் வெளியானபோது கானரிக்கு 53, மூருக்கு 55. மூர்தான் மூத்தவர். ஆனால் ‘ஆக்டோபஸி’ தன் நாயகனுக்கு வயதே ஆகவில்லை என்று பாவனை பண்ணுகிறது. ரயில் கூரை மேல் ஓடுகிறார், விமானத்துக்கு வெளியே தொங்குகிறார், யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ‘நெவர் சே’ அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. தொடக்கத்தில் ஒரு மீட்பு நடவடிக்கை வருகிறது. பாண்ட் எல்லாக் காவலையும் தாண்டி உள்ளே போய்க் கட்டிவைத்திருக்கும் பெண்ணை விடுவிக்கிறார். விடுவித்த அந்தப் பெண்ணே கத்தியை எடுத்துச் செருகிவிடுகிறாள். பிறகுதான் தெரிகிறது, அது பயிற்சி, அதில் பாண்ட் தோற்றுவிட்டார் என்று. புது மேலதிகாரி அவரை உட்காரவைத்து, உடம்பு முழுக்க நச்சு, காரணம் வெள்ளை ரொட்டி, சிவப்பு இறைச்சி, மார்ட்டினி என்று வாசித்துவிட்டு, இயற்கை வைத்திய விடுதிக்கு அனுப்பி வைக்கிறார். ஆயுதம் செய்து தரும் பிரிவோ பட்ஜெட் வெட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய எந்த அலுவலக ஊழியருக்கும் இந்தக் காட்சிகள் புரியும். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் அந்த வயதுதான்.

அந்த விடுதிக் காட்சி பழைய படத்திலும் உண்டு. அங்கே பாண்ட் போவது முதுகுவலிக்கு. முதுகெலும்பை இழுத்துவிடும் எந்திரத்தில் எதிரி அவரைச் சிக்கவைக்க, காப்பாற்றும் நர்ஸ் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாள். நான் வாயைத் திறக்காமல் இருக்க ஒரு விலை உண்டு என்கிற தோரணையில் பாண்ட் அவளை நெருக்குகிறார். 1965-ல் அதைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று நம் பெண் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது கூசும். புதிய படத்தில் அந்த மிரட்டல் போய்விட்டது. வைத்திய விடுதிக்குள் பெட்டி நிறையத் தீனியும் வோட்காவும் கடத்திவந்து நர்ஸுக்கு விருந்து வைக்கிறார். அதற்காகப் புதிய படம் சுத்தம் என்று சொல்லவில்லை. மசாஜ் செய்பவர் போல நடித்து நாயகியை ஏமாற்றும் காட்சி ஒன்று இருக்கிறது. அதைவிட மோசம், கடைசிப் பகுதியில் வட ஆப்பிரிக்காவில் அவளைக் கட்டிவைத்து அரபு வியாபாரிகளிடம் ஏலம் விடுவதும், பாண்ட் குதிரையில் வந்து தூக்கிச் செல்வதும். அந்தப் பத்து நிமிஷம் படத்துக்குத் தேவையே இல்லை. அரபுகளைக் காட்டும் விதமும் மலிவு.

சரி, வில்லன். இங்கேதான் ரீமேக் அசலைத் தாண்டிப் போகிறது. 1965-ல் லார்கோவாக நடித்தவர் அடோல்ஃபோ செலி. ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி, வீட்டு நீச்சல்குளத்தில் சுறா, கனத்த உடம்பு. பார்த்தவுடன் வில்லன் என்று தெரியும், அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. 1983-ல் அதே பாத்திரத்துக்கு வந்தவர் ஆஸ்திரிய நடிகர் கிளாஸ் மரியா பிரான்டவர். இவர் சிரிக்கிறார். எப்போதும் சிரிக்கிறார். பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை மாதிரி இருக்கிறார். உன்னை விட்டுப் போனால் என்ன செய்வாய் என்று காதலி விளையாட்டாகக் கேட்க, கழுத்தை அறுத்துவிடுவேன் என்று அதே சிரிப்போடு சொல்கிறார். அவளும் சிரிக்கிறாள். நமக்கு அது பொய் இல்லை என்று தெரிகிறது. பின்னால் அவள் பாண்டை முத்தமிடுவதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, கோடரியை எடுத்து அந்த அறையையே அடித்து நொறுக்கும்போது அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று முழுசாகத் தெரிந்துவிடுகிறது. படத்தை இயக்கிய இர்வின் கெர்ஷ்னர், ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1980-ல் வந்த இரண்டாவது படத்தை எடுத்தவர். சண்டையைவிட முகங்களில்தான் அவருக்கு அக்கறை. பிரான்டவர் மாதிரி ஒரு முகம் கிடைத்ததும் அவர் காமிராவை அதை விட்டு நகர்த்தவே இல்லை.

ஒரே ஒரு காட்சியை வைத்து இரண்டு படத்தையும் எடை போடலாம் என்றால் நான் எடுப்பது, டாமினோவுக்கு அவளுடைய அண்ணன் செத்துப்போன சேதியைப் பாண்ட் சொல்லும் இடம். கதையின் திருப்பமே அதுதான். அவள் லார்கோவின் காதலி. அண்ணனைக் கொன்றது லார்கோவின் ஆட்கள் என்று தெரிந்தால்தான் அவள் கட்சி மாறுவாள். பழைய படத்தில் பஹாமாஸ் கடற்கரை மணலில் வைத்துச் சொல்கிறார். அண்ணனின் பொருட்களை ஆதாரமாகக் காட்டுகிறார். நடிகை கிளாடின் ஆஜேயின் முகத்தில் துக்கம் வருகிறது. நல்ல காட்சிதான், அடக்கமாக எடுத்திருக்கிறார்கள்.

புதிய படத்தில் அது மான்டே கார்லோவில் ஒரு பெரிய விருந்தில் நடக்கிறது. முதலில் லார்கோ பாண்டைத் தான் கண்டுபிடித்த ஒரு வீடியோ கேம் ஆடக் கூப்பிடுகிறார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார, நடுவில் ஒளியால் ஆன உலக வரைபடம். நாடு நாடாகப் பிடிக்க வேண்டும். தோற்கத் தோற்கக் கைப்பிடி வழியாக மின்சாரம் பாயும், கையை விட்டால் ஆட்டம் போச்சு. பாண்ட் முதல் சுற்றுகளில் வலி தாங்காமல் கையை விடுகிறார், கீழேகூட விழுகிறார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசிச் சுற்றில் மொத்தத்தையும் ஜெயிக்கிறார். ஜெயித்த பணத்தை வாங்காமல், அதற்குப் பதிலாக டாமினோவோடு ஒரு நடனம் போதும் என்கிறார். டாங்கோ தொடங்குகிறது. சுற்றிலும் கூட்டம், லார்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்போது ஆடிக்கொண்டே அவள் காதில் சொல்கிறார், உன் அண்ணன் செத்துவிட்டான், ஆட்டத்தை நிறுத்தாதே என்று. டாமினோவாக நடிக்கும் கிம் பேசிங்கர் அழ முடியாது, நிற்க முடியாது. கால்கள் தாளத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்க, முகம் மட்டும் உடைகிறது. கானரி அவளைத் தாங்கிப் பிடித்துச் சுற்றுகிறார். அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே இந்தப் படத்தைப் போட வேண்டும் என்று நான் வாதாடுவேன்.

பெண் வில்லி விஷயத்தில் போட்டி சமம். பழைய படத்தில் லூசியானா பலூஸி, புதியதில் பார்பரா கரேரா. பலூஸியின் பாத்திரம், உன்னோடு ஓர் இரவு கழித்ததும் மனம் திருந்தி நல்லவளாகிவிட நான் அவள் இல்லை என்கிற அர்த்தத்தில் பாண்டின் முகத்துக்கு நேராகச் சொல்கிறது. 1965-க்கு அது பெரிய பேச்சு. பிறகு நடன மேடையில், பாண்டுக்கு வைத்த குறி தன் முதுகில் பாய்ந்து சாகிறாள். கரேரா அதற்கு நேர் எதிர். ஆட்டம், சிரிப்பு, பாம்பு, வெடி என்று படம் முழுக்கக் கொண்டாடிக்கொண்டே கொலை செய்கிறார். நீதான் எனக்கு வாய்த்த பெண்களில் சிறந்தவள் என்று பாண்டிடம் எழுதி வாங்கப் பார்த்து, அவர் பேனாவாலேயே சாகிறாள். கரேராவுக்கு கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது, நியாயம்தான்.

இனி ‘தண்டர்பால்’ ஜெயிக்கும் இடங்கள். மறைக்கப்போவதில்லை. இசை முதலாவது. ஜான் பேரியின் பின்னணி இசையும் டாம் ஜோன்ஸ் பாடிய தலைப்புப் பாட்டும் அந்தப் படத்தை எங்கேயோ தூக்கிக்கொண்டு போகின்றன. ‘நெவர் சே’-க்கு இசையமைத்த மிஷல் லெக்ராண்ட் பெரிய கலைஞர், ஆனால் இந்தப் படத்துக்கு அவர் தந்தது பொருந்தவில்லை. துரத்தல் காட்சிகளில் ஏதோ ஹோட்டல் வரவேற்பறை இசை போல ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, கடலடிச் சண்டை. ‘தண்டர்பால்’ படத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு தண்ணீருக்குள் நடக்கிறது. டஜன் கணக்கான ஆட்கள் ஆரஞ்சு, கறுப்பு உடைகளில் கடலடியில் ஈட்டித் துப்பாக்கிகளோடு மோதும் அந்தக் க்ளைமாக்ஸை இன்றுவரை யாரும் அந்த அளவில் நிஜமாக எடுத்ததில்லை என்றே நினைக்கிறேன். சிறப்புக் காட்சிகளுக்காக ஆஸ்கரும் வாங்கிய படம். புதிய படத்தின் கடலடி முடிவு அதன் பக்கத்திலேயே வராது, சப்பென்று முடிந்துவிடும்.

ஆனால் நாம் போடப்போவது மொட்டை மாடியில். கடலடிக் காட்சிகளில் பேச்சு கிடையாது, அசைவு மெதுவாக இருக்கும். பெரிய திரையும் இருட்டும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் அது கனவு மாதிரி. தெருவிளக்கு வெளிச்சத்தில், சலவைக்காக அவிழ்த்த வேட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரையில் பார்த்தால், பத்தாவது நிமிஷத்தில் பிள்ளைகள் போனை எடுத்துவிடுவார்கள். முகங்களை நம்பி எடுத்த படம் சின்னத் திரையிலும் நிற்கும். இது ரசனையைப் பற்றிய தீர்ப்பு இல்லை, இடத்தைப் பற்றியது.

‘ஆக்டோபஸி’க்கு ஓட்டுப் போட்டவர்களின் காரணம் எனக்குப் புரிகிறது, மனசும் அந்தப் பக்கம் இழுக்கத்தான் செய்கிறது. அதில் நம்ம ஊர் விஜய் அமிர்தராஜ் இருக்கிறார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, 1973-லும் 1981-லும் விம்பிள்டன் காலிறுதி வரை போனவர். படத்தில் அவர் பெயரும் விஜய்தான். பிரிட்டிஷ் உளவுத்துறையின் இந்திய ஆள். உதய்ப்பூர் சந்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு போகும்போது டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுகிறார், சுற்றி நிற்கும் கூட்டம் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பது போல இடமும் வலமும் தலையைத் திருப்புகிறது. பிச்சோலா ஏரியும் அரண்மனைகளும் கண்ணுக்கு நிறைவு. ஜெர்மனியில் சர்க்கஸ் கூடாரத்துக்குள் அணுகுண்டு இருக்க, கோமாளி வேஷத்தில் பாண்ட் யாரையும் நம்பவைக்க முடியாமல் தவிக்கும் காட்சி, மூர் நடித்ததிலேயே சிறந்தவற்றில் ஒன்று. கபீர் பேடியும் மிரட்டுகிறார். அந்த வருஷ வசூலில் ‘நெவர் சே’யை முந்தியதும் இதுதான்.

தடுப்பது இந்தியாவைக் காட்டிய விதம். பாம்பாட்டி, நெருப்பில் நடப்பவர், கத்தி விழுங்குபவர், ஆணிப் படுக்கை, விருந்தில் ஆட்டுத் தலை என்று ஒன்று பாக்கியில்லை. விஜய் முதலில் திரையில் வருவதே மகுடி ஊதிக்கொண்டுதான். ஜெயித்த பணத்தை இந்திய சகாக்களிடம் கொடுக்கும்போது, கொஞ்ச நாளைக்குக் கறிக்குழம்புக்கு ஆகும் என்கிறார் பாண்ட். விம்பிள்டனில் உலகத்தையே நிமிர்ந்து பார்க்கவைத்த ஒரு ஆட்டக்காரருக்கு அந்தப் படம் கொடுத்த இடம் அவ்வளவுதான். பாதியிலேயே ரம்பச் சக்கரத்துக்குப் பலி கொடுத்தும் விடுகிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. அவரைக் கொண்டாட வேண்டுமென்றால் அவருடைய டென்னிஸ் ஆட்டங்களின் பதிவைப் போட்டு ஒரு மாலை வைக்கலாம், நானே ஏற்பாடு செய்கிறேன்.

நேரக் கணக்கில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எல்லாமே இரண்டேகால் மணி நேரத்தை ஒட்டித்தான். ஆறரைக்கு ஆரம்பித்தால் இடைவேளையோடு ஒன்பதே காலுக்குள் முடிந்துவிடும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதிக்கும் பாதகம் இல்லை. சப்டைட்டில் கண்டிப்பாக வேண்டும், கானரியின் ஸ்காட்லாந்து உச்சரிப்பு பெரியவர்களுக்குச் சிரமம். சின்னக் குழந்தைகளை இந்த மாதம் மட்டும் கீழே விளையாட விடலாம். மூன்று படத்திலுமே படுக்கையறைக் காட்சிகள் உண்டு, ‘நெவர் சே’யில் கொஞ்சம் கூடுதல்.

கடைசியாக வரிசை. ‘தண்டர்பால்’ பார்த்துவிட்டு ரீமேக்குக்கு வந்தவர்கள் ஒவ்வொரு காட்சியிலும் இல்லாததைத் தேடுகிறார்கள். அந்த இசை எங்கே, அந்தக் கடல் எங்கே, அந்த இளம் கானரி எங்கே என்று. படம் எதைச் சொல்ல வந்ததோ அது கண்ணில் படுவதே இல்லை. ரீமேக்கை முதலில் பார்த்தால், வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லிக் கேட்கும் ஒரு மனிதன் இன்னொரு தடவை வேலைக்குக் கிளம்புவதைப் பார்ப்பீர்கள். அதற்கப்புறம் ‘தண்டர்பால்’ போட்டால் அதே மனிதனின் இளமையைப் பார்த்த மாதிரி இருக்கும், எதுவும் குறையாது. இரண்டு படமும் இப்போது ஒரே வீட்டுக்குள்தான். 1997-ல் ‘நெவர் சே’யின் உரிமையை, இயானின் பாண்ட் படங்களில் பங்குள்ள ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம் வாங்கிவிட்டது. 2013-ல் மெக்லோரி குடும்பத்தோடு மிச்சமிருந்த வழக்கும் தீர்ந்தது. அதனால்தான் ‘தண்டர்பால்’ கதையில் பிறந்த ப்ளோஃபெல்ட் என்ற பழைய எதிரி 2015-ல் அதிகாரப்பூர்வ வரிசைக்குத் திரும்ப முடிந்தது.

இந்த யோசனை எல்லோருக்கும் பொருந்தாது. கீழ்வீட்டு மாமா மாதிரி இசைக்காகவே பாண்ட் பார்ப்பவர்களுக்கு ‘நெவர் சே’ முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஏமாற்றம் தரும். அவர்கள் ‘தண்டர்பால்’ படத்தையே முதலில் பார்க்கட்டும், வீட்டில் நல்ல ஸ்பீக்கர் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு.